வலது சீட்டுக்கு மாறுவது: அமெரிக்க விமானப் பயிற்றுநர் செய்முறைத் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து அமெரிக்கா போய் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வரை வாங்கிவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். லைசென்ஸ் வாங்கும்போது கையில் பொதுவாக சுமார் 250 மணி நேரப் பறப்பு அனுபவம் இருக்கும். அங்குள்ள விமான நிறுவனங்களில் சேர பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். இடைவெளியை அடைக்க அங்கே பலரும் பிடிக்கிற வழி, பயிற்றுநர் ஆவது. சம்பளமும் வரும், மணி நேரமும் சேரும். அதற்கான சான்றிதழை சிஎஃப்ஐ என்பார்கள். அதன் செய்முறைத் தேர்வு, அதாவது செக்ரைடு, மற்ற செக்ரைடுகளைவிடக் கடினம் என்று பேர் எடுத்தது.

கடினம் என்பதற்குக் காரணம் பறக்கும் வித்தை இல்லை. அதைக் கமர்ஷியல் தேர்விலேயே காட்டிவிட்டீர்கள். இங்கே தேர்வாளர் உங்கள் பக்கத்தில் மாணவர் போல உட்காருவார். தெரிந்ததை அவருக்குப் புரிய வைக்கிறீர்களா, அவர் வேண்டுமென்றே செய்யும் தப்பைப் பிடிக்கிறீர்களா, பிடித்ததை எப்படித் திருத்துகிறீர்கள் என்று பார்ப்பார். நன்றாக ஓட்டுகிற பிள்ளைகள் இதில் தடுமாறுவது இதனால்தான். ஆகவே தயாரிப்பில் பெரும்பங்கு தரையில், ஒரு வெள்ளைப் பலகைக்கு முன்னால் நடக்க வேண்டும்.

முதலில் விசா

பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பாருங்கள். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவில் படித்தவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலைப் பயிற்சிக் காலம், நாலு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் 6 மாதம். கல்லூரி மாணவர்களுக்குத் தரும் எஃப்-1 விசாவுக்கு அனுமதி பெற்ற பறப்புப் பள்ளிகள் குறைவு. ஆனால் அதில் 12 மாதம் வரை கிடைக்கும். எம்-1-இல் போய்விட்டு ‘1,500 மணி சேர்த்துவிட்டு வருகிறேன்’ என்று வீட்டில் சொல்வது நடக்காத காரியம். ‘படித்து முடித்ததும் பள்ளியே வேலை போட்டுத் தரும்’ என்று ஏஜென்ட் சொன்னால் சரி என்று தலையாட்டாமல், அதை எழுத்தில் கேளுங்கள். பள்ளியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் இருப்பார். அவரிடம் நேரடியாக மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து இந்தியாவில் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் பயிற்றுநர் ரேட்டிங் தனி. அதில் உதவிப் பயிற்றுநர், பயிற்றுநர் என்று இரண்டு படிகள் உண்டு. அமெரிக்கச் சான்றிதழைக் காட்டிவிட்டு இங்கே நேராக வேலைக்கு உட்கார முடியாது. அங்கே பழகிய சொல்லித்தரும் திறமை மட்டும் இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

தகுதியும் எழுத்துத் தேர்வும்

வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேச, படிக்க, எழுத, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். விமானத்துக்கான சிஎஃப்ஐ என்றால் கமர்ஷியல் லைசென்ஸோடு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறப்பதற்கான தகுதி) வேண்டும். எந்த வகை விமானத்தில் தேர்வோ, அந்த வகையில் தலைமை விமானியாக 15 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு இரண்டு. எஃப்ஓஐ என்பது கற்பித்தலின் அடிப்படைகள் பற்றியது, 50 கேள்வி. இன்னொன்று எஃப்ஐஏ, விமானவியல் பற்றியது, 100 கேள்வி. இரண்டிலும் 70 சதவீதம் எடுத்தால் போதும். மதிப்பெண் 24 மாதம் செல்லும். படிக்க வேண்டிய முக்கியக் கையேடுகள் எல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன: பயிற்றுநர் கையேடு, விமானம் ஓட்டும் முறை பற்றிய கையேடு, விமானவியல் அறிவுக் கையேடு. இவற்றை அழகாக பைண்டு செய்து விலைக்குத் தருபவர்கள் உண்டு. வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை.

எஃப்ஓஐ எழுத்துத் தேர்வை மனப்பாடம் செய்தே தாண்டிவிடலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டாவது வரைக்கும் எழுதி எழுதிப் பார்த்த கை அல்லவா. சிக்கல் வாய்மொழித் தேர்வில் வரும். கற்றலில் நான்கு நிலைகள் என்று அந்தக் கையேடே சொல்கிறது: மனப்பாடம், புரிதல், செய்துகாட்டல், ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல். தேர்வாளர் இந்தப் பட்டியலை ஒப்பிக்கச் சொல்வது குறைவு. ‘உங்கள் மாணவர் மூன்று தடவை மோசமாக இறங்கினார். மூன்று தடவையும் பக்கக்காற்றைக் குறை சொல்கிறார். காற்றின் வேகமோ நாலு நாட்தான் (மணிக்கு நாலு கடல் மைல்). என்ன நடக்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பார். மாணவர் சாக்குச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்கிறார் என்று கண்டுபிடித்தால் பாதி மதிப்பெண். அவர் மனம் நோகாமல் அந்தச் சாக்கை எப்படி விலக்குவீர்கள் என்பதற்குத்தான் மீதி.

மாமாவுக்குச் சொல்லிப் பாருங்கள்

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும்போது செய்யக்கூடிய மிக நல்ல பயிற்சி இதுதான், செலவே இல்லை. மொட்டை மாடியிலோ திண்ணையிலோ ஒரு பலகை வைத்து, விமானம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்குத் தமிழில் பாடம் எடுங்கள். கேட்பவர் கேள்வி கேட்கிறவராக இருக்க வேண்டும். லாரி ஓட்டிப் பழகிய ஒரு மாமா கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்டால், அதாவது காற்றோடு இறக்கையின் கோணம் மிகுந்து தூக்கும் விசை குறைந்துபோவது, அந்தப் பாடத்தை எடுத்தால் பேச்சு ஏறத்தாழ இப்படித்தான் போகும்:

“மூக்கு மேல பாத்துகினு இருக்குதுன்றே, அப்புறம் எப்படிப்பா வண்டி கீழ எறங்குது?”

“மூக்கு எங்க பாக்குதுன்றது முக்கியமில்ல மாமா. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வந்து றெக்கையில மோதுது, அதான் கணக்கு. வண்டி கீழ எறங்கினா காத்து கீழேர்ந்து வரும். றெக்கை மேல பாக்கும். ரெண்டுக்கும் நடுவுல கோணம் ஜாஸ்தியாயிடும்.”

“அப்ப மூக்கு கீழ இருந்தாலும் ஆவுமா இது?”

“ஆவும் மாமா. எந்த வேகத்துலயும் ஆவும்.”

அந்தக் கடைசிக் கேள்வி வந்துவிட்டால் பாடம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தேர்வாளரும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் வேறு உடையில் கேட்பார். தமிழில் இப்படிச் சொல்ல முடியாத பாடங்களைக் குறித்து வையுங்கள். அவை உங்களுக்கே புரியாத பாடங்கள். பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில், கடிகாரம் வைத்து, சத்தமாக எடுத்துப் பாருங்கள். தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதில் சலுகை கிடையாது.

உதாரணங்களை உங்களுக்குத் தெரிந்த மண்ணிலிருந்தே எடுங்கள். அடர்த்தி உயரம், அதாவது வெப்பத்தால் காற்று லேசாகும்போது விமானம் எவ்வளவு உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும் என்ற பாடத்துக்கு அப்துல்லாபுரம் விமானத் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி. அந்த உயரத்தில் தர வளிமண்டலக் கணக்குப்படி வெப்பம் 13.6 டிகிரி இருக்க வேண்டும். நம் மே மாத மதியமோ 41 டிகிரி. வித்தியாசம் 27.4. ஒரு டிகிரிக்கு 120 அடி என்று பெருக்கினால் 3,288. அதோடு 700 சேர்த்தால் ஏறத்தாழ 4,000 அடி. ஆக, தரையில் நிற்கும் செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம், தான் ஏலகிரி மலைமேல் நிற்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். எஞ்சின் திணறும், ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். இவ்வளவும் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். இறங்கும்போது வேகமானியில் எந்த வேகம் வைக்க வேண்டும் என்று கேட்டால்தான் பலர் தயங்குகிறார்கள். வழக்கமான அதே வேகம்தான். ஆனால் காற்றில் உண்மையான வேகம் அதிகம், அதனால் தரையில் நிற்க அதிக தூரம் பிடிக்கும். இந்தக் கடைசி வரியையும் சேர்த்துச் சொல்பவர் பயிற்றுநர்.

எஞ்சின் நின்றுபோனால் எங்கே இறக்குவது என்ற பாடத்துக்கும் இப்படி ஒரு படம் வரையலாம். கீழே வறண்ட பாலாறு, பக்கத்தில் பெங்களூர் நெடுஞ்சாலை, அந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயல். ஆறு அகலமாக, ஆசை காட்டும்படி இருக்கும். ஆனால் தளர்ந்த மணலில் முன்சக்கரம் புதையும். நெடுஞ்சாலையில் லாரியும் மேலே குறுக்கே போகும் மின்கம்பியும். வயலில் வரப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, காற்று எங்கிருந்து, கிணறு எங்கே? மாணவரையே யோசிக்க வைத்து, அவர் முடிவை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். விடையை முதலிலேயே போட்டு உடைப்பது புதுப் பயிற்றுநர்களின் பொது வியாதி.

ஸ்பின், வலது சீட்டு, பேசிக்கொண்டே ஓட்டுவது

ஸ்பின், அதாவது ஸ்டாலான விமானம் சுழன்றுகொண்டே கீழே விழுவது, அதற்கான பயிற்சி கட்டாயம். அதற்கென அனுமதி பெற்ற விமானத்தில் ஸ்பின்னுக்குள் போவது, சுற்றுவது, வெளியே வருவது எல்லாம் செய்துகாட்டி, பயிற்றுநரிடம் லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். பவரைக் குறை, எய்லரானை (விமானத்தை ஒருபக்கம் சாய்க்கும் இறக்கைத் தகடு) நடுவில் வை, சுற்றுக்கு எதிர்ப்பக்க ரட்டரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு) முழுசாக மிதி, யோக்கை (கைப்பிடி) முன்னே தள்ளு, சுற்று நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து மெதுவாக மீள். வாய் சொல்லும் வரிசையைக் கால் பின்பற்ற வேண்டும். கால் தானாகச் செய்துவிட்டு வாய் பின்னால் ஓடினால், அதைப் பார்த்துக் கற்க வேண்டிய மாணவர் குழம்பிப் போவார். தேர்வாளர் பெரும்பாலும் இந்தக் கையெழுத்தையே ஏற்றுக்கொண்டு, வானத்தில் ஸ்பின் கேட்காமல் விடலாம். ஆனால் ஸ்பின் பாடத்தைத் தரையில் எடுக்கச் சொல்லாமல் விடமாட்டார்.

பயிற்றுநர் உட்காருவது வலது சீட்டில். அங்கே மாறும்போது கை மாறும்: இடது கையில் த்ராட்டில் (எஞ்சின் பவர் கட்டுப்பாடு), வலது கையில் யோக். அது சீக்கிரம் பழகிவிடும். கண் பழகத்தான் நாளாகும். இடது சீட்டில் பழகிய கண்ணுக்கு ஓடுபாதையின் நடுக்கோடு இடம் மாறித் தெரியும். பலர் கோட்டுக்கு ஒரு பக்கமாகவே இறக்கிக்கொண்டிருப்பார்கள். மீட்டர்களைக் குறுக்கே பார்ப்பதால் முள் காட்டும் அளவும் கொஞ்சம் பிசகித் தெரியும். எனவே மானூவர்களை, அதாவது வானில் செய்துகாட்டும் பயிற்சிகளைத் தொடும் முன், வெறும் டேக்ஸியும் (தரையில் ஓட்டுவது) இறக்கமும் மட்டும் போதுமான அளவு செய்துகொள்ளுங்கள்.

அதற்கப்புறம் பேச்சு. செய்துகாட்டும்போது ஒவ்வொரு அசைவுக்கும் சற்று முன்னாலேயே சொல் வர வேண்டும். ‘இப்போது மூக்கை மெதுவாக உயர்த்துகிறேன், சறுக்கலைக் காட்டும் மீட்டரில் பந்து வலப்பக்கம் நகர்கிறது பாருங்கள், அதனால் வலது கால்’ என்கிற மாதிரி. முதலில் நீங்கள் சொல்லி நீங்களே செய்வீர்கள். அடுத்து மாணவர் சொல்ல நீங்கள் செய்வீர்கள். பிறகு மாணவரே சொல்லி மாணவரே செய்வார். கடைசியில் அவர் செய்ய, நீங்கள் கவனித்து மதிப்பிடுவீர்கள். பேச்சும் ஓட்டமும் சேர்ந்து வராத நாளில் பேச்சை விடுங்கள், விமானத்தை விடாதீர்கள். தேர்வாளர் மன்னிப்பதும் அதைத்தான்.

எண்ணோடு வரும் மானூவர்களை எண்ணோடு சொல்லிக்கொடுங்கள். பைலான்கள் எனும் இரண்டு தரை அடையாளங்களைச் சுற்றி எட்டு போடும்போது எந்த உயரத்தில் பறக்க வேண்டும்? தரைவேகத்தை நாட்டில் எடுத்து, அதன் வர்க்கத்தை 11.3-ஆல் வகுத்தால் வரும் அடிதான் தரையிலிருந்து உயரம். 100 நாட் என்றால் சுமார் 885 அடி. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது தரைவேகம் கூடும், அந்த உயரமும் கூடும், எதிர்க்காற்றில் இறங்கும். இதைப் பலகையில் போட்டுக் காட்டிவிட்டால் மாணவர் வானத்தில் பாதி சண்டையை ஜெயித்துவிடுவார்.

கையெழுத்துகளும் காகிதங்களும்

2024 மே 31 முதல் பழைய தேர்வுத் தரநிலைக்குப் பதிலாக ஏசிஎஸ் என்ற புதுத் தரநிலை ஆவணம் சிஎஃப்ஐக்கும் வந்துவிட்டது. சீனியர்கள் கொடுக்கும் பழைய நோட்டுகளைப் படியுங்கள், ஆனால் பட்டியலை ஏசிஎஸ்ஸிலிருந்து எடுங்கள். தேர்வாளர் மேசையில் இருப்பதும் அதே ஆவணம்தான். ஒவ்வொரு பணிக்கும் பக்கத்தில் ஒரு பாடத்திட்டம் எழுதி வையுங்கள். மற்றவர் எழுதிய பைண்டரை விலைக்கு வாங்கி அப்படியே கொண்டுபோனால், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

லாக்புக் எண்டார்ஸ்மென்ட், அதாவது பயிற்றுநர் மாணவரின் லாக்புக்கில் எழுதிப் போடும் கையெழுத்துகள், அந்தப் பகுதியில் அசட்டையாக இருக்காதீர்கள். ஏசி 61-65 என்ற சுற்றறிக்கையில் எல்லா மாதிரி வாசகங்களும் உள்ளன. அதைப் பார்த்து எழுதலாம், மனப்பாடம் வேண்டாம். ஆனால் எது எப்போது வேண்டும் என்று தெரிய வேண்டும். மிகப் பொதுவான கேள்வி: ‘நாளை உங்கள் மாணவர் முதல் தடவை தனியாகப் பறக்கப் போகிறார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எனக்குக் காட்டுங்கள்.’ வயது 16, மாணவர் பைலட் சான்றிதழ், மருத்துவச் சான்று, நீங்கள் வைத்துத் திருத்திய எழுத்துத் தேர்வு, தேவையான பயிற்சிகள் லாக்புக்கில் பதிவு, அந்த விமான மாடலுக்கான தனிப்பறப்புக் கையெழுத்து, அதற்கு 90 நாள் ஆயுள். இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிஜ வேலையில் முதல் மாதமே இது வரும்.

உங்கள் சொந்தக் கையெழுத்துகளையும் சரிபாருங்கள். உங்களைப் பயிற்றுவித்தவர் வழக்கமாக 24 மாதமாவது சான்றிதழ் வைத்திருந்து, 200 மணி நேரமாவது பறப்புப் பயிற்சி தந்தவராக இருக்க வேண்டும். தேர்வுக்குத் தயாராக நீங்கள் பெற்ற பயிற்சி, விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய இரண்டு நாட்காட்டி மாதங்களுக்குள் பதிவாகியிருக்க வேண்டும், அதற்குக் கையெழுத்தும் வேண்டும். எஃப்ஏஏவின் இணைய விண்ணப்பத் தளமான ஐஏசிஆர்ஏவில் விண்ணப்பம் போடும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே இருக்கட்டும். நம் ஊர் இனிஷியல் விவகாரம் அங்கே தலைவலி கொடுக்கும். அப்பா பெயரை ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் போட்டிருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

விமானத்தின் காகிதங்களையும் முந்தின நாளே தேடி அடையாளத் தாள் ஒட்டி வையுங்கள்: பறக்கத் தகுதிச் சான்று, பதிவுச் சான்று, இயக்க வரம்புகள், எடைக் கணக்கு. வருடாந்தரச் சோதனை, வாடகைப் பயிற்சி என்பதால் 100 மணி நேரச் சோதனை, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதம், அவசர ஒலிபரப்பிக்கு 12 மாதம். மெக்கானிக்கின் கிறுக்கல் கையெழுத்தில் இதையெல்லாம் தேர்வாளர் முன்னால் முதல்முறையாகத் தேடுவது நல்ல காட்சி இல்லை.

தேர்வாளர் கட்டணத்தை எஃப்ஏஏ நிர்ணயிப்பதில்லை. அவரவர் வைத்ததுதான். தேதி குறிக்கும்போதே தொகை, கட்டும் முறை, மறுதேர்வுக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

தேர்வு நாள்

வாய்மொழித் தேர்வு நீளும். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாடு தாண்டிப் போவது சாதாரணம், பல நேரம் பறப்பு வேறொரு நாளுக்குப் போகும். வயிறு காயாமல் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். தெரியாத கேள்வி வந்தால் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று எடுத்துக் காட்டலாம், அது குறையில்லை. எல்லாவற்றுக்கும் புத்தகத்தைப் புரட்டுவதுதான் குறை. தெரியாததைச் சமாளித்து அடித்துவிடுவது அதைவிட மோசம். மாணவருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பவர் என்று அந்த நிமிடமே பெயர் விழும்.

பறப்பில் தேர்வாளர் மாணவராக நடிப்பார் என்று முதலிலேயே சொன்னேன். திருப்பத்துக்கு முன் வெளியே பார்க்க மாட்டார். ஸ்டாலில் ரட்டரை மறப்பார். கடைசித் திருப்பத்தில், ஓடுபாதையைத் தாண்டிவிட்டோம் என்று ரட்டரை அழுத்திச் சறுக்கவிடுவார். எவ்வளவு தூரம் விடுவது? மாணவர் தானே உணர்ந்து திருத்த இடம் கொடுங்கள். ஆனால் உயரம் குறைவாக இருக்கும்போது இடம் கொடுக்காதீர்கள். சறுக்கும் கடைசித் திருப்பத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவர் தேர மாட்டார். ‘கன்ட்ரோல் என்னிடம்’ என்று வாங்கி, சரிசெய்து, மேலே ஏறி, அப்புறம் பேசுங்கள். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இருவரும் வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும், மூன்று தடவையும்: நான் சொல்ல, நீங்கள் சொல்ல, மறுபடி நான் சொல்ல.

துல்லியம் கமர்ஷியல் அளவுதான். பவர் இல்லாமல் 180 டிகிரி திரும்பி இறங்கும்போது, குறித்த இடத்துக்கு முன்னால் தொடக் கூடாது, தாண்டினால் 200 அடிக்குள். கொஞ்சம் பிசகினாலும், ஏன் பிசகியது என்று நீங்களே உடனே சொல்லித் திருத்துவது உங்கள் பக்கம் நிற்கும். ஏசிஎஸ் அளவைத் தாண்டிய பிசகை எந்தப் பேச்சும் காப்பாற்றாது.

முடிவு மூன்றில் ஒன்று. தேறினால் தற்காலிகச் சான்றிதழ், 120 நாள் செல்லும். வானிலையாலோ விமானக் கோளாறாலோ நின்றால் இடைநிறுத்தக் கடிதம். அது தோல்வி இல்லை, யாரும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஒரு பணியில் தவறினால் மறுப்பு அறிவிப்பு. தவறியபின்னும் உங்கள் சம்மதத்தோடு மீதிப் பணிகளைத் தேர்வாளர் தொடரலாம். மனசு நிலையாக இருந்தால் தொடருங்கள் என்பேன், ஏனென்றால் 60 நாளுக்குள் திரும்பி வந்தால் தேறிய பகுதிகளை மறுபடி செய்யத் தேவையிராது. மறுபயிற்சி, புதுக் கையெழுத்து இரண்டும் வேண்டும். ஸ்டால், ஸ்பின் பாடங்களைச் சொல்லித்தருவதில் தவறியிருந்தால் மட்டும், மறுதேர்வில் ஸ்பின்னை வானத்தில் செய்துகாட்டியே ஆக வேண்டும்.

2024 டிசம்பர் 1 முதல் கொடுக்கும் சிஎஃப்ஐ சான்றிதழில் காலாவதித் தேதி அச்சாவதில்லை. ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் வேலைக்கான தகுதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பறப்புப் பயிற்சி தரக் கூடாது, மணி சேர்க்கும் ஆசையில் இதை மீறாதீர்கள். நீங்கள் போடும் தனிப்பறப்புக் கையெழுத்துகளின் பதிவை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். போனில் படம் எடுத்து வைப்பதோடு, மாணவர் பெயர், தேதி, எந்தக் கையெழுத்து என்று ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். நாடு மாறி வந்தாலும் அந்த நோட்டைப் பெட்டியில் எடுத்து வாருங்கள்.